அளவை நாற்காலிமேல் நான் கொண்ட பொறாமை

அவைக்குத் தலைமை ஏற்று, “சுருக்கமாப் பேசு, சோறு ஆறிடும்” என்று மேடையேறும் முன்பே என் கையைப் பிடித்து எச்சரித்துவிட்டு அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய இயக்குநர் பாக் பிராவோத்தோ அவர்களே! இந்த ஆய்வுக்கூடம் வெறும் கரும்புத் தோட்டமாகக் கிடந்த காலத்தில் வந்து முதல் கம்பியை இழுத்த முன்வரிசை முதியோர்களே! விடியும் முன் விழித்தெழுந்து, தேங்காய்ப்பால் விட்டு மஞ்சள் சோறு சமைத்து, மெராப்பி எரிமலைக்கே போட்டியாக இந்த மேசைமேல் ஒரு தும்பெங் மலையை எழுப்பி வைத்திருக்கும் இபு துமிரா முதலான அன்னையர்களே! என் முகத்தைப் பார்ப்பதுபோல் அந்த மலையையே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவக் கண்மணிகளே! எல்லோருக்கும் மேலாக, இன்று நம்மிடம் விடைபெற்றுக் கடல் கடக்கும் விழாநாயகி இபு வுர்யானி அவர்களே! உங்கள் அனைவர் மீதும் அமைதி நிலவட்டும். இயந்திரம் கட்டுகிறவன் குனார்சோவின் வணக்கம்.

வாழ்த்துரை வழங்க அழைத்தார்கள். வழங்குகிறேன். ஆனால் வயிற்றில் நெருப்பை வைத்துக்கொண்டு வாயில் சர்க்கரையைத் தடவிக்கொள்ள எனக்கு வராது. அவையோரே, அறிவீர்! இங்கே நிற்பவன் ஒரு பொறாமைக்காரன். இபு வுர்யானிமேல் எனக்குப் பொறாமை. இன்று முளைத்ததா இது? இல்லை. நாங்கள் இருவரும் இந்தக் கூடத்தில் கால் வைத்த காலத்திலிருந்து கனன்று, காய்ந்து, கொழுந்துவிட்ட பொறாமை! அவர் தோளில் போர்த்தினீர்களே பாத்திக் சால்வை, அதன்மேல் பொறாமையா? ஆம். அவருக்கு வந்ததே வெளிநாட்டு அழைப்பு, அதன்மேல் பொறாமையா? ஆம், ஆம்! அவர் பேசாமல் அமர்ந்திருந்தாலே கூட்டம் அமைதியாகிறதே, நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கடைசி வரிசையில் கைபேசி மணி அடிக்கிறதே, அதன்மேல் பொறாமையா? சிரிக்காதீர்கள். அதன்மேல்தான் அதிகம்.

ஆனால் இவை எல்லாம் சில்லறைப் பொறாமைகள். பெரும் பொறாமை ஒன்று இருக்கிறது. அது அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிமேல். அளவைப் பிரிவின் நாற்காலி. நான் இயந்திரம் கட்டலாம், இடியோசையோடு அதைச் சுடலாம், வாயு அழலாகிப் பிளாஸ்மா பிறந்தது என்று பறை சாற்றலாம். எவ்வளவு சூடு பிறந்தது, அணுக்கருக்கள் இணைந்ததற்குச் சாட்சியான நியூட்ரான் வந்ததா, வரவில்லையா என்று சொல்வது அந்த நாற்காலி. ஊர் உலகமெல்லாம் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி என்ன தெரியுமா? “இபு என்ன சொல்றாங்க?” கட்டியவன் நான், கேட்பது அவரை! பெற்றவன் நான், பெயர் வைப்பது அவர்! எரியாதா என் வயிறு?

ஒரு ரகசியத்தை உடைக்கிறேன். தலைவர் பொறுத்தருள வேண்டும். மேடையேறும் முன் அவர் என் காதில் இன்னொன்றும் சொன்னார். “குனார்சோ, இபு போனதும் அளவைப் பிரிவையும் நீயே சேத்துப் பாத்துக்க. அடுத்த மாசம் சுடப்போற புது மெஷினும் உன்னோடது, அளக்கிறதும் நீயே. நீ பேசி முடி, நான் எழுந்து அறிவிச்சிடறேன்” என்றார். தலைவர் தலையில் கை வைத்துக்கொள்கிறார். பாக், ஐயா, எப்படியும் அறிவிக்கப் போவதுதானே?

கை தட்டுகிறீர்கள். நன்றாகத் தட்டுங்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். மறைக்கவில்லை. எத்தனையோ காலம் அதன் காலைச் சுற்றிச் சுற்றி வந்தவன் நான். தூண் ஓரத்தில் ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார். தம்பி ராத்மோகோ, உன்னைத்தான் சொல்கிறேன். விருந்தினருக்குத் தம்பியைத் தெரிந்திருக்காது. புதிய இயந்திரத்துக்கு இரண்டு வரைபடங்கள் போட்டியிட்டன. ஒன்று என்னுடையது, ஒன்று ராத்மோகோவுடையது. குழு என்னுடையதைத் தேர்ந்தெடுத்தது. அன்றிலிருந்து தம்பி என் நகைச்சுவைக்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். இப்போதும் பாருங்கள், சிரிக்கவில்லை!

இந்த நாற்காலிக்கு ஏன் இத்தனை மதிப்பு? அளப்பது அவ்வளவு அரிதா? அன்னையரே, அடுப்பில் கொதிக்கும் குழம்பை ஒரு கரண்டி எடுத்து நாவில் விட்டுப் பார்க்கிறீர்கள். உப்பு போதாது என்கிறீர்கள். பிளாஸ்மாவுக்குள் எந்தக் கரண்டியை விடுவீர்கள்? விட்ட கரண்டி ஆவியாகும்! கரண்டி தப்பினால் பிளாஸ்மா குளிர்ந்து கெடும்! இமை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் பிறந்து, பெருகி, பிழிபட்டு, பேரழலாகி, பெயரில்லாமல் போய்விடுகிறதே, அதை எப்படி விசாரிப்பது? எட்ட நின்றுதான் விசாரிக்க வேண்டும். அது விட்டுப்போன ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து விசாரிக்க வேண்டும். சுற்றி வைத்த கம்பிச் சுருளில் எழும் துடிப்பை விசாரிக்க வேண்டும். நியூட்ரானோ இன்னும் மோசம். மின்னூட்டம் கிடையாது, சுவரையும் சுலபமாகக் கடந்துபோகும், யாரிடமும் வாய் திறக்காது. அந்த ஊமையைப் பேசவைக்க வேண்டும்!

இபு வுர்யானி எப்படிப் பேசவைத்தார்? வெள்ளியால் பேசவைத்தார். நியூட்ரான் வெள்ளியில் பட்டால் வெள்ளி கொஞ்ச நேரம் கதிர் வீசும். கதிரை எண்ணும் கைகர் குழாய்க்கு ஒரு வெள்ளித் தகட்டைச் சுற்றிவிட்டால் போதும். இயந்திரம் சுட்டு முடித்த பிறகு குழாய் ‘டிக் டிக்’ என்று எண்ண ஆரம்பிக்கும். எத்தனை டிக், அத்தனைக்கு ஏற்ற நியூட்ரான். வெள்ளிக்கு நமக்குப் பஞ்சமா? பக்கத்தில் கோத்தகெடே, தெருவெல்லாம் வெள்ளிப் பட்டறை. அங்கே போய், காதணிக்குத் தகடு தட்டுகிறவரிடம் உட்கார்ந்து, காகிதம்போல் மெல்லியதாகத் தட்டி வாங்கிவந்தார். நான் என் இயந்திரத்துக்குப் புதுச் செம்பு கேட்டேன். பழைய கப்பலிலிருந்து கழற்றியதைக் கொடுத்தார்கள். அவர் குழாய்க்கு வெள்ளிச் சட்டை! வீட்டில் வந்து புலம்பினேன். என் மனைவி என்ன சொன்னாள்? “எனக்கு ஒரு வெள்ளி வளையல் வாங்கித் தர வக்கில்ல. ஆபீஸ் குழாய்க்கு வெள்ளி போட்டுட்டாங்கன்னு அழுதுட்டு வந்திருக்கீங்களாக்கும்!” என்றாள். அதோ, அன்னையர் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள் பாருங்கள்.

அவையோரே, அந்த நாளுக்கு வருகிறேன். நம் முதல் இயந்திரத்தில் கன ஹைட்ரஜனை நிரப்பி, நியூட்ரானுக்காகச் சுட்ட முதல் நாள்! நியூட்ரான் வந்தால் இயந்திரம் பிழைக்கும். வராவிட்டால் பிரித்து விற்றுவிடுவோம் என்று மேலிடம் சொல்லியிருந்த காலம். நான் என்ன செய்தேன்? போகிற இடமெல்லாம் “இன்னைக்கு வந்துடும், இன்னைக்கு வந்துடும்” என்று முழங்கினேன். என் முழக்கத்தை நம்பிய அலுவலக மேலாளர் பாக் ஜுமாடி, அன்று மாலையே நன்றி விருந்து என்று அக்கம்பக்கமெல்லாம் அழைத்துவிட்டார். சோறு வெந்துகொண்டிருக்கிறது. விருந்தினர் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். நியூட்ரான் மட்டும்தான் வர வேண்டும்!

காலையில் வந்ததும் வுர்யானி இயந்திரத்தைச் சுடாமலேயே குழாயை ஓடவிட்டார். மண்ணிலும் வானிலும் எப்போதும் கொஞ்சம் கதிர் இருக்கும்; அந்தப் பின்னணி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டார். பிறகு நண்பகல் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். எல்லோரும் கூடினோம். மின்தேக்கிகள் நிறைந்தன. தெருவில் விளக்குகள் மங்கின. சுட்டேன்! ஆகா, அந்த ஓசை! ஜன்னல்கள் நடுங்கின. சுடும் அதிர்வில் கெடாதிருக்க அதுவரை அணைத்து வைத்திருந்த குழாயைப் போட்டதும் அது பொரிந்து தள்ளியது. டிக்டிக்டிக்டிக்! பின்னணியைப்போல் எத்தனையோ மடங்கு! பாக் ஜுமாடி என்னைக் கட்டிக்கொண்டு கதறினார். “வந்துடுச்சு பாக்! வந்துடுச்சு! நம்ம மெஷின் பொழச்சுடுச்சு!” நானும் அழுதேன். யாரோ என்னைத் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்து பார்க்கிறேன், ஒருவர் மட்டும் குழாயருகே தலையைச் சாய்த்து நிற்கிறார். யார்? வேறு யார்!

“பாக், கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. எனக்கு டிக் கேக்கணும்” என்றார்.

“எண்ணிக்கைதான் பலகையில தெரியுதே, இன்னும் என்னத்தக் கேக்கணும்?” என்றேன்.

“எண்ணிக்கை இருக்கு. கொறையல. வெள்ளி பேசினா அரை நிமிஷத்துக்குள்ள பாதியாகும், அப்புறம் அதுலயும் பாதியாகும். இது மொதல்ல எப்படியோ அப்படியே அடிக்குது. இது வெள்ளி இல்ல.”

என்னைத் தூக்கியவர்கள் மெல்லக் கீழே இறக்கினார்கள். நான் இறங்கினேனா? உடல் இறங்கியது; கோபம் ஏறியது! “இபு, வெளிப்படையாவே சொல்லிடுங்க. நான் ஜெயிச்சது உங்களுக்குப் பொறுக்கல. பொறாமை!” என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தினாரா? இல்லை. “இயந்திரத்தை அணைச்சிடுங்க” என்றார். அணைத்தார்கள். குழாய் நின்றதா? நிற்கவில்லை! டிக்டிக்டிக்டிக்! அவையோரே, மின்சாரம் இல்லை, வாயு இல்லை, பிளாஸ்மா இல்லை. நியூட்ரான் மட்டும் வந்துகொண்டே இருக்கிறதாம்! அணைத்து வைத்த இயந்திரத்தில் அணுக்கரு இணைவு கண்ட ஒரே விஞ்ஞானி உலகத்தில் நான்தான்!

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வுர்யானி கையில் ஒரு சிறிய கதிர்மானியை எடுத்துக்கொண்டு, தொலைந்த தோட்டைத் தேடுகிறவரைப்போல் தரையைப் பார்த்து நடந்தார். இயந்திரத்தின் பக்கம் போனார், கதிர்மானி முனகியது. கதவின் பக்கம் போனார், முனகியது. தன் குழாய் இருந்த மேசைக்கே திரும்பி வந்து, மேசை விரிப்பைத் தூக்கி அடியில் நீட்டினார், அலறியது! அங்கே என்ன இருந்தது? வரிசையாகப் பெட்ரோமாக்ஸ் விளக்குகள். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டி நிறைய, விளக்கில் கட்டும் வலைத்திரிகள், புத்தம்புது மேண்டில்கள்!

மழைக்காலம், எந்நேரமும் மின்சாரம் போகும். விருந்து இருட்டில் நடக்கக்கூடாது என்று பாக் ஜுமாடி, வுர்யானி தொழப் போயிருந்த நேரத்தில் விளக்குகளைக் கொண்டுவந்து, கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று மேசை விரிப்புக்கு அடியில் வைத்திருக்கிறார். பளீரென்று எரிவதற்காக அந்தக் காலத்து மேண்டிலில் தோரியம் சேர்ப்பார்கள். தோரியம் சும்மா இருக்குமா? எரித்தாலும் எரிக்காவிட்டாலும் கதிர் வீசும். புரிகிறதா? நியூட்ரான் வந்ததைக் கொண்டாட விளக்கு வாங்கினோம். அந்த விளக்கையே நியூட்ரான் என்று கொண்டாடினோம்! வேறு எந்த நாட்டிலாவது நடக்குமா இது? விருந்துக்கு முன்னேற்பாடு செய்வதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?

“நான் என்னத்தக் கண்டேன் இபு? மேண்டிலைப் பெட்டியோட மொத்தமா வாங்கினா வெலை கொறையும்னாங்க” என்று பாக் ஜுமாடி அழுதார். விளக்குகளை வெளியே எடுத்தோம். மறுபடி சுட்டோம். குழாய் எப்போதாவது ஒரு டிக். காலையில் இருந்த அதே பின்னணி. நியூட்ரான் இல்லை. ஒன்றுகூட இல்லை. விருந்தினர் வந்தார்கள். வந்தவர்களுக்குச் சோறு போட்டோம். எதற்கு நன்றி விருந்து என்று கேட்டவர்களிடம், யாருக்கும் காயம் இல்லை என்பதற்காக என்றார் நம் தலைவர்.

மேலிடத்தின் காலில் விழாத குறையாகத் தலைவர் கெஞ்சி அவகாசம் வாங்கினார். வாயுவின் அழுத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். மின்முனையை வெட்டினேன், நீட்டினேன். ஒவ்வொரு முறையும் இபு வுர்யானி “இல்ல” என்பார். அந்த ஒற்றைச் சொல்லை அவர் எத்தனை விதமாகச் சொல்லுவார் தெரியுமா? ஒரே விதமாகத்தான் சொல்லுவார். அதுதான் எரிச்சல்! கடைசியில் ஒரு காலை, சுட்டேன். குழாய் படபடத்தது, பிறகு தளர்ந்தது, பிறகு இன்னும் தளர்ந்து ஓய்ந்தது. அவர் சாதா ஹைட்ரஜனை நிரப்பிச் சுடச் சொன்னார். அதில் இணைவு நடக்காது, நியூட்ரான் வரக்கூடாது. வரவில்லை. மறுபடி கன ஹைட்ரஜன். படபடத்தது, தளர்ந்தது, ஓய்ந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இருக்கு பாக்” என்றார்.

இருக்கு! கொஞ்சம்தான், விளக்கு கொடுத்த எண்ணிக்கையில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் உண்மை! வெளிநாட்டிலிருந்து பரிசோதிக்க வந்தவர்கள் குடைந்து குடைந்து கேட்டார்கள். அத்தனைக்கும் அவரிடம் விடை இருந்தது. இயந்திரம் பிழைத்தது. மறுபடியும் தும்பெங் வைத்தோம். மஞ்சள் மலையின் உச்சியை வெட்டித் தலைவர் தட்டில் வைத்தார். அந்த உச்சி யாருக்குப் போகும்? பெருமைக்குரியவருக்குப் போகும். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். தலைவர் என்னைக் கடந்து நடந்தார். கொண்டுபோய் இபு வுர்யானி கையில் கொடுத்தார். பாதி எழுந்த நான், காலில் ஏதோ ஏறியதுபோல் தட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கைதட்டினேனா? தட்டினேன். வயிறு? அதைக் கேட்காதீர்கள்!

இப்போது சொல்லுங்கள், அந்த நாற்காலி எனக்குக் கிடைக்கும் இந்த நாளில் நான் எவ்வளவு மகிழ வேண்டும்? ஆனால் பேசப் பேச ஒன்று என் நெஞ்சைத் தட்டுகிறது. அன்று அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால்? எண்ணிக்கையைப் பார்த்திருப்பேன். அழுதிருப்பேன். உலகுக்கு அறிவித்திருப்பேன். தணியாத டிக்கை என் காது கேட்டிருக்குமா? கேட்டிருக்காது! மேசைக்கு அடியில் என் முதுகு குனிந்திருக்குமா? குனிந்திருக்காது! நான் பொய்யனா? இல்லை. ஆசைக்காரன். ஆசை உள்ளவன் காதில் ஆசைப்பட்டதுதான் விழும். வெளிநாட்டார் வந்து விரிப்பைத் தூக்கியிருப்பார்கள். விளக்குக் கடைக்காரர்கள் என்று இந்த ஊர் விஞ்ஞானிகளுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். இயந்திரத்தோடு சேர்த்து நம் மானத்தையும் பிரித்து விற்றிருப்பார்கள்!

தலைவர் அவர்களே, அடுத்த மாதம் சுடப்போவது எதை? இதைவிடப் பத்து மடங்கு பெரியதை. அதன்மேல் எனக்கு ஆசை எவ்வளவு? அதுவும் பத்து மடங்கு! கட்டியவனே அளக்கலாமா? என் பிள்ளையின் பரீட்சைத்தாளை நானே திருத்தலாமா? கேட்கிறேன் அன்னையரே, நூற்றுக்கு நூறு போடமாட்டேனா? போடுவேன்! நூற்றுக்கு நூற்றைந்துகூடப் போடுவேன்!

வேண்டாம், பாக். அந்த நாற்காலி எனக்கு வேண்டாம்.

கலையாதீர்கள், அமருங்கள். வேண்டாம் என்று சொல்லும்போதுகூட எனக்கு அதன்மேல் ஆசைதான். நாளைக்கு அதில் வேறு ஒருவர் உட்கார்ந்ததும் என் வயிறு புதிதாக எரியத் தொடங்கும். எரியட்டும். யாருக்குக் கொடுப்பது என்று தலைவர் கேட்கிறார். சொல்கிறேன். என் நண்பர்களுக்குக் கொடுக்காதீர்கள். என் மாணவர்களுக்குக் கொடுக்காதீர்கள். என் நகைச்சுவைக்குச் சிரிக்கிறவர் எவருக்கும் கொடுக்காதீர்கள். இந்த அரங்கத்தில் என்மேல் யாருக்குப் பொறாமை அதிகமோ அவருக்குக் கொடுங்கள்! என் வரைபடத்தில் ஒரு குறையாவது கண்டே தீருவேன் என்று சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்து, கண்டும் பிடித்தாரே, அவருக்குக் கொடுங்கள்! அந்தக் குறையைத் திருத்திக்கொண்டேன். திருத்தாமல் விட்டிருந்தால் மின்முனை வெடித்திருக்கும். எழுந்திரு, தம்பி ராத்மோகோ!

என்ன, திகைத்து நிற்கிறாய்? ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள். இபு வுர்யானி தலையசைக்கிறார் பாருங்கள். அவர் எளிதில் தலையசைக்க மாட்டார். பேசு தம்பி. என்ன? எல்லோருக்கும் கேட்டதா? கேட்காதவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன். “உங்க மெஷின்ல ஒண்ணுமே வரலன்னு நான் சொன்னா, அன்னைக்கு இபுவைத் திட்டின மாதிரி என்னையும் எல்லார் முன்னாலயும் திட்டுவீங்களா?” என்று கேட்கிறார்.

திட்டுவேன்டா தம்பி! இந்தக் கூரை அதிரத் திட்டுவேன்! பொறாமைக்காரன் என்பேன், பாவி என்பேன், உன்னோடு சேர்ந்து காப்பி குடிக்கமாட்டேன் என்பேன். நீ மாற்றிச் சொல்லாதே! ஒரு டிக்கைக்கூட எனக்காகக் கூட்டிச் சொல்லாதே!

இவ்வளவு நேரம் ஒரு பொறாமைக்காரனைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், முதியோருக்கும், பசித்த மாணவர்களுக்கும், ஆறிய சோற்றுக்காக என்னை மன்னிக்கப்போகும் அன்னையருக்கும், கடல் கடந்துபோய் அங்கேயும் யாரோ ஒருவனை அழவைக்கப்போகும் இபு வுர்யானிக்கும் என் நன்றி. அந்த அதிர்ஷ்டசாலிமேலும் எனக்கு இப்போதே பொறாமை. போய்வாருங்கள் இபு. வணக்கம்!